சாப்பாட்டு மேசையை இடமாகச் சுற்றியவள்

எங்கள் மகள் நடக்கத் தொடங்கியபோது இடப்பக்கம் மட்டுமே திரும்பினாள். குசினி வாசல் அவளுக்கு வலப்பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கம் திரும்பமாட்டாள். இடப்பக்கமாக முக்கால் வட்டம் அடித்து, வாசல் முகத்துக்கு நேரே வந்ததும் நின்று பார்த்து, பிறகு உள்ளே போவாள். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கும். முதுகு வளைந்திருக்கும். இரண்டு வயது நிரம்பாத பிள்ளை, ஓய்வுபெற்ற தபாலதிபர் மாலையில் உலாப் போவதைப் போல வீட்டுக்குள் திரிந்தாள்.

என் கணவர் இதைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் விலங்கியல் படித்தவள். ஒரு பிராணி ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தால் அதன் உட்காதைப் பார்க்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். பரீட்சைக்குப் பயன்படாத படிப்பெல்லாம் பிள்ளை பிறந்த பிறகு ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது.

ஆனால் காரணம் பிள்ளையின் காதில் இல்லை. காரணம் எங்கள் வீட்டு நிலவறையில் குடியிருந்தது.

அப்போது நாங்கள் கனடாவில், மில்லிக்கன் பக்கத்தில் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். பின்வேலிக்கு அப்பால் சோளவயல். பிற்பகல்களில் நான் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கோப்பு அடுக்கும் வேலைக்குப் போவேன். பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். நிலவறை அறையைச் சும்மா தருவோம், பதிலுக்குப் பிற்பகலில் பிள்ளையைப் பார்த்தால் போதும் என்று மளிகைக் கடை அறிவிப்புப் பலகையில் ஒரு துண்டு ஒட்டினேன். ஒரு அமைதியான மாணவி வருவாள் என்று நினைத்தேன். வந்தவள் வாசல் நிலையில் தலை முட்டாமல் குனிந்து உள்ளே வந்தாள். அவளுடைய தொடை ஒவ்வொன்றும் என் இடுப்பளவு இருந்தது. கையில் ஒரு சூட்கேஸ், மறுகையில் தலைக்கவசம்.

ஒல்லாந்துப் பெண். பனிச்சறுக்குப் பந்தயக்காரி.

என் கணவருக்கு இது போதுமாக இருந்தது. "முன்னூறு வருசத்துக்கு முந்தி யாழ்ப்பாணத்தில வந்து கோட்டை கட்டின ஆக்கள். இப்ப எங்கட பேஸ்மென்ரில. கவனமாப் பாரும், கீழ அகழி கிகழி வெட்டுறாளோ தெரியாது."

"சும்மா இருங்கோ. அவளுக்கு விளங்கப் போகுது."

"தமிழ் விளங்கினால் இன்னும் மோசம். வரி கேப்பாள்."

என்னை 'அக்கா' என்று கூப்பிடும்படி அவளிடம் சொன்னேன். 'மிஸிஸ்' என்று அவள் சொல்லும்போது எனக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல இருந்தது. மகளிடமிருந்து அவள் 'ஓம்', 'இல்லை', 'வாறன்' ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டாள். மற்றதெல்லாம் ஆங்கிலம். அதை நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன். அப்படித்தான் அது என் காதில் விழுந்தது.

அவளுடைய நாட்டில் பனிச்சறுக்கு என்றால் நீளமானது. உறைந்த கால்வாய்களில் ஊர்விட்டு ஊர் போவார்கள். பந்தயம் என்றால் திறந்தவெளியில் பெரிய ஓடுபாதை, ஒரு நேரத்தில் இரண்டு பேர், ஆளுக்கொரு தடம், கடிகாரத்தோடு போட்டி. மரியாதையான விளையாட்டு. இவளுக்குப் பிடித்ததோ ஹொக்கி விளையாடும் பனி அரங்குக்குள் நாலைந்து பேர் ஒன்றாக முண்டியடித்துச் சுற்றும் குறுந்தடப் பந்தயம். கடிகாரத்தை யாரும் பார்ப்பதில்லை, யார் முதலில் வருகிறார் என்பதுதான் கணக்கு. வளைவுகளில் வைத்திருக்கும் சிறு கட்டைகளைச் சுற்றி, இடக்கை பனியில் உரச, கிட்டத்தட்டப் படுத்தபடி திரும்புவார்கள். யாராவது விழுவார். விழுபவர் தனியாகப் போவதில்லை, பக்கத்தில் இருப்பவரையும் கூட்டிக்கொண்டு போவார்.

அவளுடைய அப்பா கண்ணாடி வீட்டில் தக்காளி வளர்ப்பவர். மகள் செய்வது பந்தயமே இல்லை, குடைராட்டினம் என்றாராம். அங்கே இதற்கு மதிப்பில்லை, இங்கே அரங்குகளும் போட்டிகளும் உண்டு என்று இவள் கனடாவுக்கு வந்துவிட்டாள். அப்பா சண்டை போடவில்லை. திரும்பி வரும் விமான டிக்கெட் ஒன்றை மட்டும் வாங்கித் தபாலில் அனுப்பினார், தக்காளி பழுக்கும் காலத்துக்குச் சரியாக.

டிக்கெட்டை அவள் கட்டிலுக்கு மேலே சுவரில் குத்தி வைத்திருந்தாள். இளவேனிலில் இங்கே பல நாட்டார் வரும் ஒரு போட்டி. அதில் முதலாவதாக வந்தால் அவளுடைய நாடு புதிதாகச் சேர்க்கப்போகும் குறுந்தட அணியில் இடம். இரண்டாவதாக வந்தாலும் தக்காளி. இதை அவள் மிகவும் தெளிவாக எனக்கு விளக்கினாள். அதுவரைக்கும் அவள் ஓடியதிலெல்லாம் மூன்றாவதாகவோ நாலாவதாகவோதான் வந்திருந்தாள்.

அவள் வெல்ல வேண்டும் என்று நான் நினைத்தது முழுக்க அவளுக்காக இல்லை. வென்றால் இங்கேயே இருந்து பழகுவாள், எங்கள் வீட்டிலேயே இருப்பாள் என்று எனக்கு நானே முடிவு செய்திருந்தேன். மகள் அவளுடைய முழங்காலில்தான் சோறு தின்பாள். என் முழங்காலில் துப்புவாள்.

காலையில் அரங்கில் பழகுவாள். பிற்பகலில் பிள்ளையைப் பார்த்தபடி எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் பழகுவாள். கதிரைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, நாற்காலியே இல்லாமல் நாற்காலியில் இருப்பவளைப் போலக் குந்தி, கைகளை முதுகில் கட்டி, மேசையின் மூலை வந்ததும் இடக்கையால் கார்ப்பெட்டைத் தொட்டுச் சாய்ந்து திரும்புவாள். இடப்பக்கமாக, எப்போதும் இடப்பக்கமாக. அந்த விளையாட்டில் வேறு பக்கம் கிடையாது. பந்தயச் சறுக்குக் காலணியின் அலகைக்கூட நடுவில் வைக்காமல் இடப்பக்கம் தள்ளித்தான் பொருத்தியிருந்தார்கள். அவளுக்குப் பின்னால் என் மகள், அதே குந்தல், அதே கை, அதே பக்கம். கார்ப்பெட்டில் மேசையைச் சுற்றி ஒரு நீள்வட்டம் மொட்டையாகத் தெரிந்தது.

பிள்ளையை டொக்டரிடம் காட்டினேன். நடக்கவிடுங்கள் என்றார். மகள் கையைக் கட்டிக்கொண்டு அவருடைய மேசையைச் சுற்றினாள். அவர் சுழல் நாற்காலியில் அவளோடு சேர்ந்து சுற்றினார்.

"வீட்டில் யாராவது இப்படி நடப்பார்களா?"

"குடியிருக்கிற பெண் நடப்பாள்."

அவர் நாற்காலியை நிறுத்தினார். "பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பெண்ணை வேண்டுமானால் அழைத்து வாருங்கள்."

நான் ஆறுதலடைந்து வீட்டுக்கு வந்தேன். ஆறுதல் யூனியன்வில் பூசை வரைக்கும் நின்றது.

அந்த நாளில் எங்களுக்குக் கும்பிடக் கோயில் என்று ஒன்று கிட்டவில்லை. மாதம் ஒரு முறை யூனியன்வில்லில் ஒரு வீட்டில் கூடுவோம். வீட்டுக்காரி திருச்சிப் பக்கம், கணவர் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பிப்பவர். ஊர் பேதமில்லாமல் எல்லோரும் வீட்டுக்காரியை மாமி என்றுதான் கூப்பிடுவோம். வரவேற்பறைத் தளபாடங்களை வெளியே தள்ளிவிட்டு, நடுவில் கோப்பி மேசை, அதில் முருகன் படம். சுவரோரம் வைத்தால் வலம் வர முடியாது என்பதற்காக நடுவில். தீபம் காட்டி முடிந்ததும் எல்லோரும் வரிசையாக வலம் வந்துகொண்டிருந்தோம். நான் கண்ணை மூடிக் கும்பிட்ட நேரத்தில் மகள் கையை உதறிவிட்டாள்.

கண்ணைத் திறந்தபோது அவள் குந்திவிட்டிருந்தாள். கைகள் முதுகில். சாமியை எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியிருந்தாள். சேலைகளுக்கும் வேட்டிகளுக்கும் இடையால், வருகிற சனத்துக்கு எதிரே, மூலைக்கு மூலை இடக்கையால் தரையைத் தொட்டபடி. இரண்டு பேர் ஒதுங்கினார்கள். ஒருவர் குதித்தார். கணித மாமா சர்க்கரைப் பொங்கல் தட்டோடு வந்து, அவளில் இடறி, தட்டைக் கொட்டினார். பொங்கல் படத்தின் மேல் விழவில்லை, அவ்வளவுதான் நல்ல சகுனம்.

"ஏம்மா, உம் பொண்ணு சாமியை எதிர்ப்பக்கமா சுத்துது, நீ பாத்துக்கிட்டே நிக்கிற!" என்றார் மாமி.

நான் ஒல்லாந்துப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். மாமி பொங்கலை வழிப்பதை நிறுத்தினார்.

"தினமுமா? வீட்டுக்குள்ளயா? இடமாவா?"

"ஓம் மாமி."

"எத்தனை மாசமா?"

"இலையுதிர் காலத்தில வந்தவள்."

மாமி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இடமாகச் சுற்றுவது சுடலையில், பிணத்தை மட்டும்தான் என்று எனக்குத் தெரியாததல்ல. சின்ன வயதில் விளையாட்டுக்கு அப்படிச் சுற்றி அடியும் வாங்கியிருக்கிறேன். ஆனால் சாப்பாட்டு மேசைக்கும் அது பொருந்தும் என்று அதுவரை யோசிக்கவில்லை.

"அப்ப அவுக்கணும்," என்றார் மாமி.

"எதை?"

"சுத்தினதைத்தான். நூல்கண்டு மாதிரி. இடமா எவ்வளவு சுத்திச்சோ அவ்வளவு வலமா சுத்தினாத்தான் அவுரும்."

"உது எதில சொல்லியிருக்கு மாமி?"

"எதுல இருக்குன்னு கேக்காத. எனக்குத் தோணுது."

காரில் வரும்போது கணவரிடம் சொன்னேன். அவர் இயந்திரப் பொறியியலாளர். சிவப்பு விளக்கில் காரை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"விசரே உமக்கு?"

"மாமி சொன்னவ."

"சரி, யோசிச்சுப் பார்த்தா அதிலயும் ஞாயம் இருக்கு. இடப்பக்கம் சுத்தினா திருகாணி கழரும். இவ்வளவு நாளும் எங்கட வீடு கழண்டுகொண்டு இருந்திருக்கு. வலப்பக்கம் சுத்தினா இறுகும். வாடகை வீட்டுக்கு நாங்கள் ஏன் இறுக்கிக் குடுக்க வேணும்?"

அவரோடு கதைத்துப் பயனில்லை. அதே சமயம் அவளிடம் சுடலையைப் பற்றி எப்படிச் சொல்வது? கடைசியில் அதை ஒரு வீட்டுச் சட்டமாகச் சொன்னேன். எங்கள் வீட்டில் இடப்பக்கம் சுற்றினால் பிறகு அதே அளவு வலப்பக்கமும் சுற்ற வேண்டும்.

அவள் குடித்துக்கொண்டிருந்த பாலைக் கீழே வைத்தாள். "சப்பாத்தை வாசலில கழட்டுற மாதிரியா, அக்கா?"

"ஓம். அது மாதிரி."

"சரி."

அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் நான் அப்போதே கைவிட்டிருப்பேன். எழுந்து போனவள் படிக்கட்டில் நின்று திரும்பினாள். "அரங்கில சுத்துறதும் சேர்த்தியா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு மாமிக்குத் தொலைபேசி எடுத்தேன். மாமி கொஞ்சமும் தயங்கவில்லை. "சுத்துனது சுத்துனதுதானே? எங்க சுத்துனா என்ன?"

அன்றிலிருந்து மாலை நேரங்களில் எங்கள் வீட்டில் அவிழ்ப்பு நடந்தது. ஒல்லாந்துப் பெண் மகளை முதுகில் ஏற்றிக்கொண்டு மேசையை வலமாகச் சுற்றுவாள். முதல் சில நாட்கள் மூலைக்கு மூலை மேசையில் இடித்தாள். வலப்பக்கம் திரும்ப அவளுடைய கால்களுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. எந்தக் காலை எதன் மேல் போடுவது என்று நின்று யோசித்தாள். கணவர் பத்திரிகையை விரித்துப் பிடித்தபடி மேசையிலேயே இருப்பார். அவள் வரும்போதெல்லாம் முழங்கையை மட்டும் மடக்குவார். நான் கறி கிளறிக்கொண்டே எட்டிப் பார்ப்பேன். பார்க்கும்போது நெஞ்சு கொஞ்சம் லேசாகும். உடனேயே, இதில் நெஞ்சு லேசாக என்ன இருக்கிறது, நான் படித்தவளா இல்லையா என்றும் தோன்றும்.

மேசையோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அரங்கில் சுற்றியதை அரங்கிலேயே அவிழ்க்க வேண்டும் என்பது அவளாகவே எடுத்த முடிவு. பந்தயக் காலணியில் வலப்பக்கம் சாய முடியாது. அலகு அந்தப் பக்கம் இல்லை. ஆகவே வாடகைக்கு ஒரு சோடி ஹொக்கிக் காலணி எடுத்துக்கொண்டு, பொதுமக்கள் சறுக்கும் ஞாயிற்றுக்கிழமை நேரத்தில் இறங்கினாள். மார்க்கம் ஊர்ச் சனம் முழுவதும் குடும்பம் குடும்பமாக ஒரு பக்கம் போக, தேருக்கு எதிரே வருபவளைப் போல இவள் மறுபக்கமாக வந்தாள். அரங்குக் காவலர் விசில் ஊதினார். அவள் நின்று, இது தன்னுடைய வீட்டுச் சட்டம் என்று மரியாதையாக விளக்கினாள். அவர் அவளை நடு வட்டத்துக்கு அனுப்பினார். அங்கே விழுந்து எழும்பிப் பழகும் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில், ஆறடிப் பெண் ஒருத்தி வாரா வாரம் வலமாகச் சுற்றினாள்.

பிறகு அவளுடைய பயிற்சியாளர் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"நீங்கள்தானா அந்த 'அக்கா'?"

"ஓம்," என்றேன். வேறு என்ன சொல்வது?

"நீங்கள் பயிற்சியாளரா?"

"இல்லை."

"வைத்தியரா?"

"விலங்கியல் படிச்சனான்."

"விலங்கியல்," என்றார் அவர், தனக்குத்தானே. "இஞ்ச பாருங்கோ அம்மா, அவளுடைய வலப்பக்கத்தால எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. என்ர விளையாட்டில வலப்பக்கமே இல்லை. இடப்பக்கத்துக்கு எண்டு நான் வருசக்கணக்காப் பழக்கின கால்களை நீங்கள் குழப்பிறீங்கள். எதுக்காக?"

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "சமநிலைக்காக," என்றேன்.

"பந்தயத்தில அவள் விழுந்தால் உங்களுக்குத்தான் முதல் ரெலிபோன் எடுப்பன்."

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி இல்லை. போட்டி கிட்டிக்கொண்டிருந்தது. ஒருத்தியின் வாழ்க்கையை நான் சர்க்கரைப் பொங்கல் கொட்டியதற்காகக் கெடுத்துக்கொண்டிருக்கிறேனா? கீழே துணி துவைக்கப் போகும்போதெல்லாம் சுவரில் அந்த டிக்கெட் தெரிந்தது. ஒரு நாள் அவளிடம் போதும், விட்டுவிடு, சட்டத்தை நீக்கிவிட்டோம் என்றேன்.

அவள் முகம் விழுந்துவிட்டது. "நான் பிழையாச் சுத்தினனானா?"

"இல்லை, இல்லை. நீ நல்லாத்தான் சுத்தினாய்."

"அவிழ்த்து முடியேல்லையே, அக்கா. பாதியில விட்டா எப்பிடி?"

அவிழ்ப்பு என்ற வார்த்தையை நான் அவளிடம் சொன்னதே இல்லை. கணவர் சொல்லியிருக்கிறார். சுடலையையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அவள் அதைக் கேட்டுப் பயப்படவில்லை. தன் ஊரிலும் நூல் சுற்றினால் எதிர்ப்பக்கம்தான் அவிழுமாம்.

மறுபடியும் மாமிக்குத் தொலைபேசி எடுத்தேன். நிறுத்தலாமா என்று கேட்டேன்.

"பாதி அவுத்த நூல்கண்டை நீ பாத்திருக்கியா?" என்றார் மாமி. "அது முழுக் கண்டை விட மோசம். சிக்கிப் போயிரும்."

ஆகவே நிறுத்தவில்லை. நிறுத்தாதது சரியா என்று தெரியாமலேயே போட்டி நாள் வந்தது.

கணவர், நான், மகள், மாமி நால்வரும் போனோம். மாமி கம்பளிக் கோட்டுக்கு மேலே இன்னொரு கம்பளிக் கோட்டுப் போட்டு, மடியில் தயிர்ச்சாதப் பாத்திரத்தோடு உட்கார்ந்தார். பல நாட்டுப் பெண்கள் சுற்றிச் சுற்றி ஓடி, விழுந்து, குறைந்துகொண்டே வந்தார்கள். மாமி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாருமே இப்படித்தான் சுத்துவாங்களா?"

"ஓம் மாமி. உலகம் முழுக்க."

"உலகம் பூராவுமா?" மாமி என் கையைப் பிடித்தார். "அப்ப இதையெல்லாம் யாரு அவுக்கிறது?"

இறுதி ஓட்டத்தில் நாலு பேர். எங்கள் பெண் நாலாவது. அவளுக்கு முன்னால் மூன்று முதுகுகள், ஒன்றோடொன்று ஒட்டினாற்போல. சுற்றுக்கள் குறைந்தன. அவள் வெளிப்பக்கத்தால் முந்தப் பார்த்தாள், முடியவில்லை. உட்பக்கத்தால் பார்த்தாள், இடமில்லை. பயிற்சியாளர் வேலியில் குத்தினார். எனக்கு அந்த டிக்கெட்டின் நிறம் கண்ணுக்குள் நின்றது. கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தார்கள்.

வளைவில் முதலாவதாகப் போனவளின் கால் வழுக்கியது. இரண்டாவது பெண் அவள் மேல். மூன்றாவது பெண் இருவர் மேலும். எங்கள் பெண் விலகப் பார்த்து, விலக இடமில்லாமல், அவளும். நாலு பேரும் ஒரு மூட்டையாகப் பின்புறமாகச் சறுக்கிப்போய், சுவரோரம் சாத்தியிருந்த மெத்தைகளில் முதுகு மோத நின்றார்கள்.

"விழுந்துட்டாள்," என்றேன். தொலைபேசி மணி எனக்கு அங்கேயே கேட்டது.

நாலு பேரும் எழுந்தார்கள். நாலு பேருக்கும் முதுகுப் பக்கம் மெத்தை, முகத்துக்கு நேரே அரங்கின் நடு. போக வேண்டிய பாதை வலப்பக்கம். கொஞ்சம் வலப்பக்கம் திரும்பினால் போதும். ஆனால் அந்த மூன்று பெண்களுக்கும் சின்ன வயதிலிருந்து கால் ஒரு பக்கம்தான். அவசரத்தில் மூவரும் இடப்பக்கம் திரும்பினார்கள். ஒருத்தி அப்படியே நாலு எட்டு எதிர்த்திசையில் ஓடி, பிறகுதான் நின்றாள். மற்ற இருவரும் முக்கால் வட்டம் அடித்தார்கள், ஒருத்தியின் முழங்கை மற்றவளின் தலைக்கவசத்தில் மாட்டியது.

அதை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று எனக்குப் பட்டது. எங்கள் குசினி வாசலில் தினமும் பார்ப்பதுதான்.

"வலப்பக்கம்!" என்று கத்தினேன், தமிழில், எழுந்து நின்று.

நான் கத்துவதற்கு முன்பே அவள் திரும்பியிருந்தாள். மேசை மூலையில் மகளை முதுகில் வைத்துத் திரும்பிய அதே திரும்பல். வலப்பக்கம் ஒரு சின்னத் திரும்பல், பிறகு இரண்டு எட்டு, பிறகு அவள் போய்விட்டாள். மற்றவர்கள் பாதையைக் கண்டுபிடித்தபோது அவள் முடிவுக் கோட்டைக் கடந்து, கையை முதுகில் கட்டி, எங்கே நிற்பது என்று தெரியாமல் இன்னொரு சுற்றுப் போய்க்கொண்டிருந்தாள்.

நடுவர்கள் வெகுநேரம் கூடிப் பேசினார்கள். ஒரு வீராங்கனை வலப்பக்கம் திரும்பலாமா என்று விதிப் புத்தகத்தைப் புரட்டினார்களாம். கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அப்படி ஒருத்தி திரும்புவாள் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. முதலாமிடம் அவளுக்கே என்று அறிவித்தார்கள். மாமி தயிர்ச்சாதத்தைத் திறந்து பக்கத்தில் இருந்த அந்நியர்களுக்கெல்லாம் கொடுத்தார்.

பயிற்சியாளர் படியேறி எங்களிடம் வந்தார். தொப்பியைக் கழற்றினார். மறுபடியும் போட்டார்.

"விலங்கியல்," என்றார். பிறகு, "அடுத்த குளிர்காலம் செவ்வாய்க்கிழமைகளில நீங்கள் ஓய்வா இருப்பீங்களா?"

அடுத்த குளிர்காலத்தைப் பற்றித்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். மகளின் சோறு, அவளுடைய முழங்கால், என் வேலை, எல்லாம் ஒழுங்கு. அந்த வாரமே அவளுடைய நாட்டிலிருந்து அழைப்பு வந்தது. அணியில் இடம் உண்டு, வாழ்த்துக்கள். அணி அங்கேயேதான் பழகும், உடனே வரவும்.

அவள் அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் வாழ்த்தினேன், கட்டிப் பிடித்தேன், பிறகு குசினிக்குள் போய் வெங்காயம் தேடினேன். வென்றால் அணி, தோற்றால் தக்காளி என்று அவள் எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தாள். வென்றால் இங்கே என்று யார் சொன்னது? நான்தான், எனக்கு.

"ரெண்டு பக்கம் திரும்பினாலும் ஒரே வாசல்தான்," என்றார் கணவர். பகிடிக்குச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

சுவரிலிருந்து அதே டிக்கெட்டைக் கழற்றினாள். தோற்றால் திரும்பவென்று அப்பா வாங்கிய டிக்கெட்டில் வென்று திரும்பினாள். அப்பா கண்ணாடி வீட்டில் இரண்டு தக்காளி வரிசைகளைப் பிடுங்கி, அவள் பழகுவதற்கு வட்டமாக இடம் விட்டாராம். அதற்குப் பிறகு வந்த குளிர்காலங்களில் அந்தக் குறுந்தடப் பந்தயத்தில் அவள் நாட்டின் சாம்பியனாக இருந்தாள்; அனுப்பிய படங்களில் கழுத்தில் மாலை, முகத்தில் எங்கே நிற்பது என்று தெரியாத அதே பார்வை. விழுந்தும் இருக்கிறாள், நிறைய. போன வருடம் முழங்கால் சரியில்லை என்று நிறுத்திவிட்டு இப்போது பிள்ளைகளுக்குப் பழக்குகிறாள். இடப்பக்கம் சுற்றிய அளவுக்கு வலப்பக்கமும் சுற்றிவிட்டுத்தான் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். ஏன் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லையாம். மாமியிடம் சொன்னேன். "உலகத்துல கொஞ்சமாவது அவுருதே," என்றார்.

அவள் புறப்பட்ட அன்று விமான நிலையத்துக்கு நாங்கள் மூவரும் போனோம். அவள் தள்ளுவண்டியில் சூட்கேஸை வைத்து, மேலே தலைக்கவசத்தை வைத்தாள். போகிறேன் என்று சொல்லக் கூடாது என்று நான் எப்போதோ சொல்லியிருந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"போட்டு வாறன், அக்கா," என்றாள். "மிச்சம் கொஞ்சம் இருக்கு. அங்க போய் முடிக்கிறன்."

ஆனாலும் மனம் கேட்கவில்லை போலும். தள்ளுவண்டியோடு எங்கள் மூவரையும் ஒரு தரம் வலம் வந்தாள், மெதுவாக, மூலைகளில் கொஞ்சம் சாய்ந்து. வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். ஒரு காவலர் எங்களை நோக்கி இரண்டு எட்டு வைத்துவிட்டு, எந்தக் குற்றத்துக்காக என்று தெரியாமல் நின்றுவிட்டார். கணவர் மேசையில் பத்திரிகை வாசிக்கும்போது செய்வதைப் போல முழங்கையை மடக்கிக்கொண்டார். அவள் கதவுக்குள் போய் வலப்பக்கத்தால் மறைந்தாள்.

மகள் என் கையை உதறினாள். ஓடவில்லை. அவள் மறைந்த பக்கத்தைப் பார்க்க, நின்ற இடத்திலேயே, வலப்பக்கமாகத் திரும்பினாள். முக்கால் வட்டம் இல்லை. ஒரு சின்னத் திரும்பல்.

நான் பயந்துபோனேன். அடுத்த நாளே டொக்டரிடம் கொண்டு போய்க் காட்டினேன்.